போதாத பனி

பனிச்சரிவைப் பற்றிப் பிரபாலினி படித்தது இரண்டே நாள். ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதிலும் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் விட்டுவிட்டார்கள். அதைப் பற்றி அவள் பேசியதோ ஒன்பது மாதம்.

கேட்க விருப்பமுள்ளவர்களா என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் அவள் வேலை செய்யும் கட்டிடத்தின் லிஃப்டில் கூட வந்தவர்களிடம் பேசினாள். பல் வைத்தியரிடம் வாயைத் திறந்தபடியே பேசப் பார்த்தாள். வுப்பர்டாலில் இருக்கும் அம்மாவுக்கு வாட்ஸப்பில் ஏழு நிமிடக் குரல் பதிவு ஒன்று அனுப்பினாள்: முப்பது பாகைக்கு மேல் சரிந்திருக்கும் மலைப்பக்கம் ஏன் ஆபத்து, புதைந்துபோனவருக்கு முதல் பத்து நிமிடம் ஏன் முக்கியம், ஒவ்வொருவரும் மார்பில் கட்டிக்கொண்டு போகும் சிறிய கருவி எப்படிச் சமிக்ஞை அனுப்பி ஆளைக் காட்டிக் கொடுக்கும். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி பிள்ளை, தொப்பியைப் போட்டுக்கொண்டு போ" என்று பதில் அனுப்பினார். ஆனாலும் கோயிலில் காண்பவர்களிடம் "எங்கட பிரபா ஸ்நோவுக்குப் படிச்சவள்" என்று அம்மா சொல்லித் திரிவது பிரபாலினியின் காதுக்கு வந்திருந்தது. அவள் அதைத் திருத்தப் போகவில்லை.

அவளுடைய தொழிலும் அவளுக்கு ஒரு தைரியம் கொடுத்திருந்தது. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் கருவிகள் வெளியேறுவதற்கு முன் என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று பட்டியல் எழுதுவதுதான் அவள் வேலை. ஒரு கருவிக்கு நூற்று நாற்பது வரி. பட்டியல் எழுதுகிறவர்கள் பிழை விடுவதில்லை என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அலுவலகத்தில் கோப்பி போடும் மெஷினில்கூட ஆறு வரிப் பட்டியல் ஒன்றை ஒட்டி வைத்திருந்தாள். அதை ஒட்டிய பிறகு அந்த மெஷினுக்குப் பக்கத்தில் யாரும் அதிக நேரம் நிற்பதில்லை.

நவம்பர் கடைசி வாரத்தில், செவ்வாய் தொடங்கி வியாழன் வரை மலைகளில் பனி பெய்தது. கோடைத் தள்ளுபடியில் வாங்கிய, பனியில் சறுக்கும் புது ஸ்கீ அவளுடைய படுக்கையறைச் சுவரில் சாய்ந்தபடி ஐந்து மாதமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை மலைக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. முடிவெடுத்தது அவள். கூட வருவதாக ஒப்புக்கொண்டவர்கள் இரண்டு பேர்.

ஒருத்தி நடாலி. அதே பகுதியில் வேலை செய்பவள், கெம்ப்டனில் பிறந்தவள். நடக்கப் பழகிய அடுத்த வருடமே ஸ்கீயில் நின்றவள். அதிகம் பேச மாட்டாள். அவளுக்கே பிரபாலினி பனியின் வகைகளை வரைந்து விளக்கியிருக்கிறாள். நடாலி அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மற்றவன் நரசிம்மன். கோயம்புத்தூர்க்காரன், இருபத்தொன்பது வயது. மென்பொருள் பகுதியில் வேலை, சைக்கிளில் வருவான். வந்த முதல் குளிர்காலத்தில் பஸ் நிறுத்தத்தில் பனி விழுவதைக் கண்டு வீட்டுக்கு வீடியோ அழைப்பு எடுத்தவன், இரண்டாவது குளிர்காலத்தில் ஸ்கீ பழகிவிட்டான். மலை ஏறுவது அவனுக்கு இதுதான் முதல் தடவை. கருவி, மண் அள்ளுவது போலப் பனியை அள்ளும் சவள், பனிக்குள் குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பி எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்திருந்தான். கூடவே, கிடைத்ததையெல்லாம் வாசித்தும் இருந்தான். வாசித்தவன் கூட வருவது எவ்வளவு சங்கடம் என்று பிரபாலினிக்குக் காரில் ஏறிய அரை மணி நேரத்தில் தெரிந்தது.

"பிரபாலினி, அவலாஞ்ச் வார்னிங் சர்வீஸ் வெப்சைட்ல இன்னும் டெய்லி ரிப்போர்ட் ஸ்டார்ட் ஆகல. ஆனா ஒரு நோட் போட்டிருக்காங்க," என்றான் பின் இருக்கையிலிருந்து.

"ஓம், பாத்தனான். பனி குறைவு எண்டு போட்டிருக்கு."

"அது ஃபர்ஸ்ட் லைன். அதுக்குக் கீழ இன்னும் நாலு லைன் இருக்கு. வெயில் படாத பக்கத்துல அக்டோபர்ல பெஞ்ச பழைய பனி கெடக்குதாம். அதுமேல காத்து அள்ளிட்டு வந்த புதுப் பனி ஒட்டாம நிக்குதாம். பள்ளமான எடத்துல ஒரு ஆள் வெயிட்டே போதும்னு..."

பிரபாலினி முதல் வரியோடு நிறுத்தியிருந்தாள். அதை அவள் சொல்லவில்லை.

"அது அவை பொதுவாப் போடுறது, நரசிம்மன். சரியிறதெண்டால் முதல்ல சரியிறதுக்கு ஏதாவது இருக்க வேணுமெல்லோ. பனியே போதாது."

இந்த வசனம் அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மெம்மிங்கனைத் தாண்டும்போது நடாலிக்காக ஜெர்மனில் ஒரு தடவை சொன்னாள். வாகனத் தரிப்பிடத்தில் இறங்கும்போது யாரும் கேட்காமலே இன்னொரு தடவை சொன்னாள். பள்ளத்தாக்கு முழுவதும் புல் தெரிந்தது. அவள் சொன்னதற்கு அதுவே சாட்சி போலவும் இருந்தது.

தரிப்பிடத்தில் அவள் ஒரு தளபதி போல நின்றாள். எல்லோரும் கருவியைப் போட்டுக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக அவளைக் கடந்து போக வேண்டும். அவள் தன் கருவியைத் தேடும் நிலையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமிருந்தும் சமிக்ஞை வருகிறதா என்று பார்ப்பாள். நடாலி போனாள், கீச்சென்றது. நரசிம்மன் போனான், கீச்சென்றது. "நல்லது," என்று இருவருக்கும் மதிப்பெண் போடுவது போலச் சொன்னாள். அடுத்ததாக அவள் தன் கருவியைச் சமிக்ஞை அனுப்பும் நிலைக்கு மாற்ற வேண்டும். மற்றவர்களில் ஒருவர் அவளைச் சோதிக்க வேண்டும். பயிற்சியில் சொல்லித் தந்ததும் அதுதான்.

ஆனால் அதற்கு முன் அவளுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது.

"நரசிம்மன், மலை தெரியிற மாதிரி ஒண்டு எடுங்கோ. அம்மாக்கு அனுப்ப வேணும்."

ஜாக்கெட்டைத் திறந்து, கருவியை உறையிலிருந்து எடுத்து, கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். நரசிம்மன் அவளுடைய போனோடு கிட்ட வர வர அந்தக் கருவி அவனுடைய சமிக்ஞையைப் பிடித்துக் கீச் கீச் என்று கத்தியது. சிரிக்க விடாமல் கத்துகிறதே என்று அதை நிறுத்தினாள். படம் நன்றாக வந்தது. கருவியை உறைக்குள் வைத்து, ஜாக்கெட்டை மூடி, ‘பாதுகாப்பு முதல்’ என்று எழுதிக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினாள். ஏழு பேர் கட்டைவிரல் போட்டார்கள். அந்தச் சந்தோஷத்தோடு அவள் நடக்கத் தொடங்கினாள்.

ஏறுவதற்கு ஸ்கீயின் அடியில் வழுக்காத பட்டை ஒன்றை ஒட்டுவார்கள். மயிர் ஒரு பக்கமாகப் படிந்திருக்கும். முன்னுக்குப் போக விடும், பின்னுக்குச் சறுக்க விடாது. பட்டைக்கும் கல்லுக்கும் நடுவே பனி என்று ஒன்று இருந்தால்தான் இது சுகம். அன்று பத்துச் சென்ரிமீற்றர்கூட இல்லை. ஒவ்வொரு அடிக்கும் புது ஸ்கீயின் விளிம்பு கல்லில் உரசியது. அந்தச் சத்தம் பிரபாலினிக்குப் பல்லில் கூசியது. ஐந்து மாதம் காத்திருந்ததற்கு ஒரு நல்ல இறக்கமாவது கிடைக்காவிட்டால் அந்தக் கடவுளைக்கூடத் தான் மன்னிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டரை மணி நேரம் ஏறிய பின் மலைமுகட்டுக்கு அருகே வந்தார்கள். முகட்டில் பனியே இல்லை. காற்று எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டிருந்தது. பழுத்த புல் தலை ஆட்டியது. ஆனால் முகட்டுக்கு அந்தப் பக்கம், வடகிழக்கே, வெயில் எட்டாத ஒரு பள்ளம் கிடந்தது. அதில் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக, வழவழவென்று, ஒரு சுருக்கமும் இல்லாமல் பனி நிரம்பியிருந்தது.

"இருக்குதெல்லோ!" என்றாள் பிரபாலினி. குரல் கொஞ்சம் நடுங்கியது. பேராசையில்.

இங்கே இருக்கும் பனி எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. முகட்டில் இல்லாதது பள்ளத்தில் இருக்கிறது. காற்று அள்ளிக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. ஐந்து வரிக் குறிப்பின் கடைசி நான்கு வரிகள் சொன்னதும் இந்த இடத்தைத்தான். ஸ்கீ ஓடப் போதுமான பனி இருக்கும் இடத்தில் சரிவதற்கும் போதுமான பனி இருக்கும். இதை அவள் பிறகு பல தடவை பல பேருக்குச் சொன்னாள். அந்த நேரத்தில் அவள் மண்டைக்குள் இருந்தது ஸ்கீ மட்டுமே.

பள்ளத்தின் விளிம்பில் அவர்கள் நின்றபோது, காலுக்கடியில் ‘வும்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய மெத்தை ஒன்றில் யாரோ பொத்தென்று உட்கார்ந்தது போல.

"அது என்ன சவுண்ட்?" என்று நரசிம்மன் கேட்டான்.

அது என்ன சத்தம் என்று பிரபாலினிக்கு நன்றாகத் தெரியும். பயிற்சியில் அந்தக் கேள்விக்கு முதலில் கை தூக்கியதே அவள்தான். அடியில் இருக்கும் வலுவில்லாத பனி அடுக்கு மேலே உள்ள கனத்தில் நொறுங்குகிறது; கேட்டால் வேறு பேச்சே இல்லை, திரும்பிவிட வேண்டும். அப்படித்தான் அன்று பதில் சொன்னாள். பயிற்சியாளர் "மிகச் சரி" என்று பாராட்டினார்.

"புல்லுக்கு மேல பனி இறுகுற சத்தம்," என்றாள் நரசிம்மனிடம்.

நடாலி தடியைப் பனிக்குள் ஊன்றினாள். ஒரு சாண் வரைக்கும் தடுத்துத் தடுத்து இறங்கிய தடி, அதன்பின் ஒன்றுமே இல்லாதது போலப் பொசுக்கென்று உள்ளே போனது. அவள் அதை இழுத்தெடுத்துப் பார்த்தாள். நுனியில் சீனி போன்ற மணிகள் ஒட்டியிருந்தன.

"எனக்கு இது பிடிக்கவில்லை," என்றாள் ஜெர்மனில். "வந்த வழியே இறங்குவோம்."

"சரிவு இருபத்தெட்டுப் பாகைதான் வரும்," என்றாள் பிரபாலினி.

"அளந்தாயா?"

போனில் அளக்கலாம், அதற்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. அளந்தால் முப்பத்தைந்து வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் அவள் போனை வெளியே எடுக்கவில்லை. இதை அவள் அப்போது தனக்குத் தானேகூட ஒப்புக்கொள்ளவில்லை.

"கண் பழக்கம் இருக்கிறது," என்றாள். முழுவதுமாக இரண்டு நாள் பழகிய கண். "நான் முதலில் போகிறேன். நான் கீழே நின்று கை காட்டிய பிறகு ஒவ்வொருவராக வாருங்கள். அதுதான் பாதுகாப்பான முறை."

நடாலி தடியின் நுனியைத் துடைத்தாள். சொல்ல வேண்டியதை அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

முதல் திருப்பம் அருமையாக இருந்தது. இரண்டாவது அதைவிட. கல் இல்லை, உரசல் இல்லை, வெண்ணெய் மேல் போவது போல. மூன்றாவது திருப்பத்தில் அவளுக்கு மேலே எங்கோ கண்ணாடி வெடித்தது போல ஒரு ஒலி. சுற்றியிருந்த வெள்ளை முழுவதும் கோடு கோடாகப் பிளந்தது. துண்டு துண்டாக, மேசை மேசையாக, அந்தப் பனி நகரத் தொடங்கியது. அவள் நின்ற மேசையும் நகர்ந்தது.

பனி இழுத்துக்கொண்டு போகும்போது என்ன செய்ய வேண்டும் என்பது பயிற்சிப் படங்களில் பதினேழாவது. அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வந்தது அதன் இலக்கம் மட்டும்தான். பதினேழு, பதினேழு என்று மனம் கத்திக்கொண்டிருக்க உடம்பு உருண்டது. ஒரு ஸ்கீ கழன்று போனது. மற்றது கழலாமல் காலை முறுக்கியது. முழங்காலுக்குள் ஏதோ டக்கென்றது. தாடையில் கல் இடித்தது. வாய் நிறையப் பனி. பிறகு எல்லாம் மெதுவாகி, மெதுவாகி, இறுகி நின்றது.

அவள் கழுத்து வரை புதைந்திருந்தாள். முகமும் வலது கையும் வெளியே. மற்ற எல்லாம் கொங்கிறீற்றில் வைத்துப் பூசியது போல. கையை அசைக்கலாம், ஆனால் அந்தக் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒன்றும் இல்லை. அவளுக்கும் மேலே நின்றவர்களுக்கும் நடுவே ஒரு மாடு அளவுக் கல். வானமும் கல்லும் மட்டும் தெரிந்தன.

"பிரபா!" என்று நடாலியின் குரல் மிகத் தொலைவில் கேட்டது.

பதில் சொல்ல வாயில் இருந்த பனியைத் துப்ப வேண்டும். துப்ப மூச்சு வேண்டும். நெஞ்சு விரிய இடம் இல்லை. இருமல் வந்தது, அதுவும் பாதியில் நின்றது.

பிறகு நரசிம்மனின் குரல். அவன் தனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் கத்திக்கொண்டு இறங்கினான். "நோ சிக்னல்! நடாலி, கைன் சிக்னால்! சிக்னல் வரலீங்க!"

ஏன் வரவில்லை? பிரபாலினி யோசித்தாள். பற்றரி நேற்று மாற்றியது. கருவி நெஞ்சோடு இறுகி இருப்பது தெரிந்தது, உடையவில்லை. அது கீச் கீச் என்று கத்தியதே, தரிப்பிடத்தில்... கத்தியது. சிரிக்க விடாமல் கத்தியது. நிறுத்தினாள். படம் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் போடவே இல்லை.

அவளுடைய நெஞ்சில், உறைக்குள், ஒழுங்காக இழுத்து மூடிய ஜாக்கெட்டுக்குள், செத்த பெட்டி ஒன்று இருந்தது. முகத்துக்கு மேலே இன்னும் ஒரு சாண் பனி வந்து மூடியிருந்தால் இந்தப் பள்ளம் முழுவதையும் கம்பியால் குத்திக் குத்தித்தான் தேட வேண்டும். இரண்டு பேர். பத்து நிமிடம். அந்தக் கணக்கை அவளே பல் வைத்தியருக்கு விளக்கியிருக்கிறாள். அந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் அந்த ஒரு நிமிடத்தைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வருவதில்லை.

கல்லைச் சுற்றிக்கொண்டு நரசிம்மன் வந்தான். பயிற்சிக் காணொளியில் உள்ளபடி உடம்பை வளைத்து, கருவியைப் பனிக்குக் கிட்டப் பிடித்து, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் வந்தான். இன்னும் இரண்டு அடி வைத்திருந்தால் அவள் தலையில் ஏறியிருப்பான். ஹெல்மெட்டைக் கண்டதும் திடுக்கிட்டு நின்றான்.

"பிரபாலினி! உங்க சிக்னல் வரவே இல்லீங்க!" என்றான், ஏதோ அனுப்புவதாகச் சொன்ன கடிதத்தை அவள் அனுப்பாமல் விட்டுவிட்டது போல.

அவள் எப்படியோ வாயிலிருந்ததைத் துப்பினாள். "என்ர தலை தெரியுது தானே. அதை வச்சுத் தொடங்குங்கோ."

நரசிம்மன் தலையாட்டினான். பையைக் கழற்றி, மடக்குக் கம்பியை எடுத்து, ஒரே சொடுக்கில் நீட்டி, அவளைச் சுற்றி எங்கே குத்தலாம் என்று பார்த்தான். வாசித்த ஒழுங்கில் கருவிக்குப் பிறகு கம்பிதானே.

"கம்பி வேண்டாம்! சவளை எடுங்கோ, சவள்!"

"சவள்னா என்னங்க?"

"ஷவல், நரசிம்மன்! ஷவல்!"

"ஓ, ஷவலா!" என்று அவன் பாய்ந்து எடுத்தான்.

நடாலி கல் விளிம்போடு, இன்னும் சரியாமல் மிச்சமிருந்த பனியில் கால் வைக்காமல், சுற்றி இறங்கி வந்தாள். வரும்போதே உதவிக்கு அழைத்துவிட்டாள். பிரபாலினியின் முகத்தைப் பார்த்தாள். கையால் அவள் வாயையும் மூக்கையும் துடைத்தாள். பிறகு நெஞ்சைச் சுற்றி வெட்டத் தொடங்கினாள். இரண்டு பேர் சேர்ந்து வெட்டியும் இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. வெட்டி முடியும்போது நரசிம்மன் அழுதுகொண்டிருந்தான். அது தனக்குத் தெரியாது என்பது போல நடந்துகொண்டான்.

முழங்கால் நிற்க விடவில்லை. ஹெலிகொப்டர் வந்தது. மலை மீட்புக் குழுவிலிருந்து கயிற்றில் இறங்கிய தாடிக்காரர் அவளுடைய பெயரைக் கேட்டார், எங்கே வலி என்று கேட்டார், கருவியை நிறுத்துவதற்காக ஜாக்கெட்டைத் திறந்தார். நிறுத்த வேண்டியிருக்கவில்லை. "ஆஹா," என்றார். அவ்வளவுதான். முழங்காலைவிட அந்த ‘ஆஹா’ அவளுக்கு அதிகம் வலித்தது.

அம்மாவுக்கு என்ன சொல்வது என்று ஹெலிகொப்டரிலேயே தீர்மானித்துவிட்டாள். வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தது. குளிர்காலம், படி வழுக்கும், யார் சந்தேகப்படுவார்கள்?

ஆனால் ஆஸ்பத்திரியில் அவளுடைய காலுக்குக் கட்டுப் போட வந்த தாதி, பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார். "பிள்ளை தமிழோ? எந்த இடம்?" அவருடைய சட்டையில் பிளோறன்ஸ் என்று எழுதியிருந்தது.

"வுப்பர்டால், அக்கா. இப்ப எர்லாங்கன்."

"வுப்பர்டாலோ! அங்க என்ர மச்சாள் இருக்கிறா. அம்மா ஆர்?"

பிரபாலினி யோசிக்காமல் சொல்லிவிட்டாள். நல்ல தாதிகளுக்கு யோசிக்க விடாமல் கேட்கத் தெரியும். அக்கா கட்டுப் போட்டுக்கொண்டே, எங்கே, எப்படி, எத்தனை மீற்றர் என்று எல்லாவற்றையும் கேட்டார். கொடுத்த மருந்தின் மயக்கத்தில் எல்லாவற்றையும் அவள் சொன்னாள். "யோசியாதையுங்கோ, அம்மா பயப்படாத மாதிரி நான் சொல்லிவிடுறன்," என்று அக்கா போனார். வேண்டாம் என்று சொல்ல இவள் வாயெடுப்பதற்குள் கதவு மூடிவிட்டது.

கால் மணி நேரத்தில் அம்மாவின் அழைப்பு வந்தது.

"பிள்ளை, கதைக்கேலுமோ?"

"ஓம் அம்மா."

"நானும் கஜரூபனும் வெளிக்கிட்டிட்டம். அவன் கார் ஓடுறான்." கஜரூபன் பிரபாலினியின் அண்ணா. வுப்பர்டாலிலிருந்து ஆறு மணி நேர ஓட்டம்.

"வர வேண்டாம் அம்மா. முழங்கால் மட்டும்தான். சவ்வு கிழிஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

காரின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"காலமை நீ அனுப்பின படத்தை இப்ப பெருசாக்கிப் பாத்தனான். உன்ர கையில இருக்கிற மெசினில லைற் எரியேல்லை."

ஒன்பது மாதப் பேச்சும் நூற்று நாற்பது வரிப் பட்டியல்களும் எங்கே போயினவோ தெரியவில்லை.

"நிப்பாட்டினனான், அம்மா. படத்துக்காண்டி. திருப்பிப் போட மறந்திட்டன்."

"ம்," என்றார் அம்மா. அதற்குப் பிறகு அண்ணாவின் குரல் வந்தது. "அம்மா அழுறா. வந்து கதைக்கிறம். நீ படு."

ஒன்றரை மாதம் கழித்து, ஜனவரியில், அவள் அங்கத்தவராக இருக்கும் மலையேற்றச் சங்கத்தில் பேசக் கூப்பிட்டார்கள். முன்பும் ஒரு தடவை கூப்பிடச் சொல்லி அவளே கேட்டிருக்கிறாள். அப்போது அவர்கள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அவர்களாகவே கேட்டார்கள். ஊன்றுகோல்களோடு போய் இருபது பேருக்கு முன்னால் நின்றாள். எதையும் ஒளிக்கவில்லை. முதல் வரியோடு நிறுத்தியது, ‘வும்’ சத்தத்துக்குச் சொன்ன பொய், அளக்காமல் விட்ட சரிவு, கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்த செத்த கருவி எல்லாவற்றையும் சொன்னாள். படத்தையும் திரையில் பெரிதாகப் போட்டாள். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கம்பியோடு நின்ற கதைக்கு நரசிம்மனே முதலில் சிரித்தான். கல்லுக்குப் பின்னால் கிடந்த நிமிடத்துக்கு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

முன் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார், அன்றைக்கு ஒரேயொரு விடயத்தை மாற்ற முடியுமென்றால் எதை மாற்றுவீர்கள் என்று. கருவியைச் சரிபார்ப்பது என்ற பதிலை எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"நடாலி தனக்குப் பிடிக்கவில்லை என்றாள்," என்றாள் பிரபாலினி. "அந்த இடத்திலேயே திரும்பியிருப்பேன்."

கடைசி வரிசையில் இருந்த நடாலி கையுறையைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டாள்.

கூட்டம் முடிந்து நடாலிதான் அவளைக் காரில் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். ஊன்றுகோல் இரண்டும் இருக்கைகளுக்கு நடுவே கிடந்தன. வெளியே மழை, எர்லாங்கனில் அந்தக் குளிர்காலம் பனியே விழவில்லை.

"நான் உன்னோடு மூன்று கிழமை கோபமாக இருந்தேன்," என்றாள் நடாலி, சாலையைப் பார்த்தபடி.

"தெரியும்."

"உனக்குத் தெரியாது. ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றேனே என்று என்னோடும் கோபம். அவன் சிக்னல் இல்லை, சிக்னல் இல்லை என்று கத்திக்கொண்டு இறங்கினான். நீ இனி இல்லை என்று நினைத்தேன். உன் அம்மாவுக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாதே என்று நினைத்தேன். ஆறு வருடமாகப் பக்கத்து மேசை. பெயர் தெரியாது."

சிவப்பு விளக்கில் கார் நின்றது. துடைப்பான் இரண்டு தடவை போய் வந்தது.

"சுந்தரேஸ்வரி," என்றாள் பிரபாலினி.

"சுந்தர்..."

"ரேஸ்வரி."

"சுந்தரேஷ்... இல்லை. மறுபடி சொல்லு."

பிரபாலினி மறுபடி சொன்னாள், மெதுவாக, எழுத்தெழுத்தாக. பச்சை விளக்கு விழுந்ததை இருவரும் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்த பிறகுதான் நடாலி கியரைப் போட்டாள்.